சன்னி லிஸ்டனைக் கண்டு அஞ்சியவர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் முகம்மது அலியைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அவர் முதன்முதலில் உலகப் பட்டத்தைப் பறித்தது சன்னி லிஸ்டனிடமிருந்து என்றும், குத்துச்சண்டை உலகமே அஞ்சிய மனிதர் அவர் என்றும் இரண்டு வரிகளில் சொல்லிக் கடந்துவிட்டேன். அந்த இரண்டு வரிகள் போதவில்லை என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக லிஸ்டனுக்கே ஒதுக்குகிறேன்.

மைக் டைசனைவிடவுமா லிஸ்டன் அச்சமூட்டினார்? அடி வாங்குவதும் கொடுப்பதுமே தொழிலாக உள்ளவர்கள் இன்னொரு மனிதரைக் கண்டு பயப்படுவது எப்படி? (வேலூர் வாசகர்)

டைசனிடம் எதிராளிகள் அஞ்சியது அவருடைய வேகத்தையும் முதல் இரண்டு சுற்றுகளில் அவர் காட்டும் ஆவேசத்தையும். அந்த இரண்டு சுற்றுகளைத் தாண்டிவிட்டால் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை சிலருக்காவது இருந்தது. லிஸ்டனோடு மோதியவர்களுக்கு அப்படி ஒரு கணக்கே இருக்கவில்லை. அவர் அவசரப்படவே மாட்டார். மெதுவாக முன்னேறி, எதிராளியைக் கயிற்றோரம் ஒதுக்கி, வேலையை முடிக்கும் முறை அவருடையது.

உடலமைப்பைக் கேளுங்கள். உயரம் 6 அடி 1 அங்குலம். ஹெவிவெயிட் வீரர்களில் அது பெரிய உயரமன்று. ஆனால் இரு கைகளையும் விரித்தால் 84 அங்குலம், அதாவது ஏறத்தாழ 213 சென்டிமீட்டர். சாதாரணமாக மனிதரின் கைவிரிப்பு அவருடைய உயரத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், அவருக்குக் கிட்டத்தட்ட ஓர் அடி நீளம் கூடுதலாக வாய்த்திருந்தது என்று கொள்ளலாம். மடக்கிய கைமுஷ்டியின் சுற்றளவு 15 அங்குலம் என்று அளந்து எழுதினார்கள். கையுறைகளை அவருக்கென்று தனியாகத் தைக்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது அவருடைய இடக்கை நேர்குத்து. குத்துச்சண்டையில் இதை 'ஜாப்' என்பார்கள். பெரும்பாலான வீரர்கள் தூரத்தை அளப்பதற்கும், எதிராளியைத் தள்ளி நிறுத்துவதற்கும், வலக்கைக் குத்துக்கு வழி திறப்பதற்குமே அதைப் பயன்படுத்துவார்கள். லிஸ்டனின் ஜாப் மட்டும் மற்றவர்களின் வலக்கைக் குத்துக்கு நிகரான கனத்தோடு வந்து இறங்கியது. தலையைப் பின்னுக்கு இழுத்தாலும் அந்த நீண்ட கை எட்டிவிடும். உள்ளே புகுந்து தப்பிக்கலாம் என்றால், கையை வளைத்துப் பக்கவாட்டில் வீசும் இடக்கைக் குத்தான 'ஹூக்' காத்திருக்கும்.

பிறகு அந்தப் பார்வை. நடுவர் இருவரையும் மேடையின் நடுவே அழைத்து விதிகளைச் சொல்லும் நேரத்தில் லிஸ்டன் கண்ணிமைக்காமல் எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஏற்கெனவே அகன்ற தோள்கள் இன்னும் அகலமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேலங்கிக்கு அடியில் துண்டுகளைத் திணித்துக்கொண்டு வருவார். அச்சமும் தம்முடைய ஆயுதங்களில் ஒன்று என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் இருவரைக் காட்டலாம். 1973இல் உலகப் பட்டம் வென்ற ஜார்ஜ் ஃபோர்மன் தம் இளமையில் லிஸ்டனோடு பயிற்சிச் சண்டை இட்டவர். தம்மைப் பின்வாங்கச் செய்தவர் லிஸ்டன்தான் என்று முதுமை வரை சொல்லிவந்தார். இன்னொருவர் ஃபிளாய்ட் பேட்டர்சன். உலகச் சாம்பியனாக இருந்தும், 1962இல் லிஸ்டனை எதிர்கொள்ளப் போகும்போதே, தோற்றால் யாரும் அடையாளம் காணாதபடி வெளியேறுவதற்காக ஒட்டுத்தாடியும் மீசையும் கொண்டு போயிருந்தார். அன்றிரவு அவற்றைப் போட்டுக்கொண்டுதான் அரங்கத்திலிருந்து புறப்பட்டார்.

லிஸ்டனின் பிறந்த நாளே யாருக்கும் தெரியாது என்று படித்தேன். அப்படியும் இருக்குமா? அவருடைய இளமையைப் பற்றிச் சொல்லுங்கள். (தூத்துக்குடி வாசகர்)

1932 மே 8 என்று அவர் சொல்லிவந்தார். ஆனால் அதை உறுதிசெய்யப் பிறப்புப் பதிவு எதுவும் இல்லை; அவரைப் பார்த்தவர்கள் வயது அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும் என்றே எண்ணினார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பருத்தி விளையும் தாழ்நிலத்தில், விளைச்சலில் பங்குக்காகப் பிறர் நிலத்தை உழுத கறுப்பினக் குடும்பம் அது. தந்தை டோப் லிஸ்டனுக்கு இரண்டு மனைவியர் மூலம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அத்தனை பேரில் ஒருவன் எந்த நாளில் பிறந்தான் என்று எழுதிவைக்க அந்த வீட்டில் யாருக்கும் நேரமும் இல்லை, எழுத்தும் இல்லை.

சாப்பாட்டு மேசைக்கு வரும் அளவுக்கு வளர்ந்தவன் வயலுக்கும் போகலாம் என்பது தந்தையின் கொள்கை. பள்ளிக்கூடம் என்பது கிட்டத்தட்ட இல்லை. தகப்பன் தமக்குக் கொடுத்தது அடி ஒன்றுதான் என்று பிற்காலத்தில் லிஸ்டன் சொன்னார். அந்த அடிகளின் தழும்புகள் அவர் முதுகில் கடைசிவரை இருந்தன.

தாய் ஹெலன் வேலை தேடி செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய்விட்டபோது சிறுவனுக்குப் பதின்மூன்று வயதளவில் இருக்கும். உறவினர் ஒருவருடைய மரத்திலிருந்து பீக்கன் கொட்டைகளை உதிர்த்து, அவற்றை ஊருக்குள் விற்று, கிடைத்த காசில் பயணச்சீட்டு வாங்கி அம்மாவைத் தேடிப் போனான். அவ்வளவு பெரிய நகரத்தில் எப்படியோ அவரைக் கண்டுபிடித்தும்விட்டான். லிஸ்டனைப் பற்றிய கதைகளில் என் மனத்தை மிகவும் தைப்பது இதுதான். பின்னாளில் கோடிக்கணக்கானவர்கள் மிருகம் என்று அழைத்த மனிதர் தம் வாழ்வில் எடுத்த முதல் பெரிய முடிவு, தாயிடம் போய்ச் சேருவது என்பதாக இருந்தது.

செயின்ட் லூயிசில் அவரைப் பள்ளியில் சேர்த்தார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நடுவே ஆளுயரத்தில் எழுத்துக்கூட்ட உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் பள்ளியை விட்டார். வேலை சில நாள் கிடைத்தது, பல நாள் கிடைக்கவில்லை. சில பையன்களோடு சேர்ந்து வழிப்பறியிலும் கடைகளைக் கொள்ளையடிப்பதிலும் இறங்கினார். எப்போதும் மஞ்சள் சட்டையே அணிந்திருந்ததால் போலீசார் 'மஞ்சள் சட்டைக்காரன்' என்று அவரைக் குறித்துவைத்துக்கொண்டார்கள். 1950 ஜனவரியில் பிடிபட்டு, ஐந்தாண்டுத் தண்டனை பெற்று, அந்த ஆண்டு ஜூன் மாதம் ஜெபர்சன் சிட்டியில் இருந்த மிசூரி மாநிலச் சிறைக்குள் போனார்.

சிறையைப் பற்றி அவர் ஒருபோதும் குறை கூறியதில்லை. வேளை தவறாமல் மூன்று முறை சாப்பாடு கிடைக்கும் என்ற உறுதி தமக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஏற்பட்டது அங்கேதான் என்றார். அங்கே விளையாட்டுகளுக்குப் பொறுப்பாக இருந்த கத்தோலிக்கப் பாதிரியார் அலாய்ஸ் ஸ்டீவன்ஸ்தான் அவரைக் குத்துச்சண்டையின் பக்கம் திருப்பியவர். சிறைக்குள் அவரோடு மோதத் துணிவார் இல்லாமல் போகவே, தர்மன் வில்சன் என்ற தொழில்முறை வீரரை வெளியிலிருந்து வரவழைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு சுற்றுகள் முடிந்தவுடன், இந்த ஆள் என்னைக் கொன்றுவிடுவான், என்னை இறக்கி விடுங்கள் என்று வில்சன் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

1952 அக்டோபர் 31இல் நிபந்தனையின் பேரில் விடுதலையானார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் சிகாகோவில் தொழில்முறை சாராத வீரர்களுக்காக நடந்த 'கோல்டன் குளோவ்ஸ்' போட்டியில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் தங்கப் பதக்கம் வென்ற எட் சாண்டர்சைத் தோற்கடித்தார். கையெழுத்துப் போடுவதற்கு அப்பால் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், சிறையிலிருந்து வெளிவந்த ஐந்தே மாதங்களில், ஒலிம்பிக் சாம்பியனை வென்றார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவர் குற்றக் கும்பலின் ஆளாக இருந்தது உண்மைதானே? அதை மறைத்து அவரைப் புகழ்வது சரியா? (கோயம்புத்தூர் வாசகர்)

உண்மைதான்; மறைக்க வேண்டியதில்லை. தொழில்முறைச் சண்டைக்கு வந்த காலத்திலேயே செயின்ட் லூயிசின் தாதாக்களோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. பின்னர் அவருடைய ஒப்பந்தத்தின் பெரும்பங்கு பிராங்கி கார்போ, பிளிங்கி பலேர்மோ ஆகிய இருவரின் கைக்குப் போயிற்று. அந்நாளில் அமெரிக்கக் குத்துச்சண்டையைத் திரைக்குப் பின்னாலிருந்து ஆட்டிவைத்தவர்கள் அவர்களே. 1960இல் செனட்டர் கெஃபாவர் தலைமையில் நடந்த விசாரணையில் லிஸ்டனையும் அழைத்துக் கேள்வி கேட்டார்கள். மறு ஆண்டு நீதிமன்றம் கார்போவுக்கு 25 ஆண்டுகளும் பலேர்மோவுக்கு 15 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதித்தது.

லிஸ்டன் கையால் நிகழ்ந்த கொடுமைகளும் உண்டு. 1956 மே மாதம் ஒரு போலீஸ்காரரோடு ஏற்பட்ட தகராறில் அவருடைய முழங்காலை உடைத்து, கைத்துப்பாக்கியையும் பறித்துக்கொண்டார். அதற்காக ஒன்பது மாதத் தண்டனை பெற்றார்; 1957 முழுவதும் அவரால் மேடை ஏற முடியவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிப்பில்லாத, சிறை சென்று வந்த, கறுப்பின இளைஞர் ஒருவரை அன்றைய குத்துச்சண்டைத் தொழிலில் பெரிய மேடைக்கு அழைத்துச் செல்லும் கதவுகளின் சாவி முழுவதும் அந்தக் கும்பலிடமே இருந்தது. அவர்களைத் தவிர்த்தவர்களுக்குச் சண்டைகளே கிடைக்கவில்லை. அந்த வலையை நெய்தவர் லிஸ்டன் அல்லர்; அவருடைய உழைப்பில் கிடைத்த பணத்தில் பெரும்பகுதியையும் அவர்களே தின்றார்கள். அவர் செய்த தவறுகளுக்கு அவர் பொறுப்பு. அந்தத் தொழிலின் அழுக்கு முழுவதையும் அவர் ஒருவர் முதுகில் ஏற்றியதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

உலகச் சாம்பியனான பிறகாவது மக்கள் அவரை ஏற்றுக்கொண்டார்களா? (சேலம் வாசகி)

இல்லை. பட்டத்துக்காக மோதும் வாய்ப்பே அவருக்கு மிகத் தாமதமாகத்தான் கிடைத்தது. சாம்பியனாயிருந்த ஃபிளாய்ட் பேட்டர்சன் மென்மையான சுபாவமும் நல்ல பெயரும் உடையவர். அவருடைய மேலாளர் கஸ் டி அமாட்டோ இந்தச் சண்டையை விரும்பவில்லை. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தலைவர்களும் விரும்பவில்லை. லிஸ்டன் சாம்பியனானால் தங்கள் போராட்டத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று அஞ்சினார்கள். குடியரசுத் தலைவர் கென்னடியே பேட்டர்சனிடம் லிஸ்டனைத் தவிர்க்கும்படி சொன்னார். நியூயார்க் மாநிலம் அனுமதி மறுத்ததால் சண்டை சிகாகோவுக்குப் போயிற்று.

1962 செப்டம்பர் 25 அன்று, கொமிஸ்கி பார்க் மைதானத்தில், 2 நிமிடம் 6 விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. முதல் சுற்றிலேயே நாக் அவுட் ஆகிப் பட்டம் இழந்த முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார் பேட்டர்சன்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அப்போது லிஸ்டனின் வீடு பிலடெல்பியாவில் இருந்தது. விமானத்தில் ஊர் திரும்பும்போது பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஜாக் மெக்கின்னி என்ற விளையாட்டுச் செய்தியாளர். லிஸ்டன் நம்பிய மிகச் சில பத்திரிகையாளர்களில் ஒருவர். ஊரில் தம்மை வரவேற்கக் கூட்டம் காத்திருக்கும் என்று லிஸ்டன் நம்பினார். அவர்களிடம் என்ன பேசுவது என்று மெக்கின்னியிடம் சொல்லிச் சொல்லி ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். என் இனத்தவர் இனி என்னை நினைத்து வெட்கப்படத் தேவையில்லை. நான் வழிபாடு போல நேசித்த முன்னாள் சாம்பியன் ஜோ லூயிசைப் போல நல்ல சாம்பியனாக நடந்துகொள்வேன். பழையவற்றை மறந்து எனக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள். சொல்ல நினைத்தது இவ்வளவே.

விமானத்தின் கதவு திறந்தது. லிஸ்டன் கழுத்துப்பட்டையையும் தொப்பியையும் சரிசெய்துகொண்டு வாசலில் வந்து நின்றார். கீழே சில செய்தியாளர்களும் புகைப்படக்காரர்களும் விமான நிலைய ஊழியர்களும் மட்டுமே இருந்தார்கள். வரவேற்புக் கூட்டம் இல்லை, நகர நிர்வாகத்தின் சார்பில் ஒருவரும் இல்லை. அன்றைய பத்திரிகை ஒன்றில், லிஸ்டனுக்கு ஊர்வலம் நடத்துவதானால் கைது ஆணைகளைக் கிழித்துத் தூவலாம் என்று எழுதியிருந்தார்கள். வாசலில் நின்ற அந்த மனிதரின் தொண்டைக்குழி ஏறி இறங்கியதையும், உடல் ஒருமுறை நடுங்கியதையும், அவர் கண்களில் தெரிந்த வேதனையையும் தாம் பார்த்ததாக மெக்கின்னி பின்னர் பலமுறை நினைவுகூர்ந்தார். சில கணங்களில் லிஸ்டனின் முகம் பழையபடி இறுகிவிட்டது. ஒத்திகை பார்த்த உரையை அவர் யாரிடமும் பேசவில்லை.

குத்துச்சண்டை வீரராக அவர் எத்தனையோ அடிகள் வாங்கியிருக்கிறார். 1954இல் மார்ட்டி மார்ஷல் அவருடைய தாடையையே உடைத்தார், அந்தத் தாடையோடு அவர் எட்டுச் சுற்றுகளையும் நின்று முடித்தார். பிலடெல்பியா விமான நிலையத்தில் விழுந்த அடிதான் அவரை உண்மையில் சாய்த்தது என்பது என் உறுதியான எண்ணம். நல்லவனாக இருந்து காட்டுகிறேன் என்று சொல்ல வந்தவருக்குக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. பிலடெல்பியா போலீசாரின் தொல்லையும் சேர்ந்துகொள்ள, 1963இல் டென்வருக்குக் குடிபெயர்ந்தார். பிலடெல்பியாவின் மேயராக இருப்பதைவிட டென்வரில் ஒரு விளக்குக் கம்பமாக இருப்பது மேல் என்று அப்போது அவர் சொன்னது இன்றும் பேசப்படுகிறது.

அவரிடம் மென்மையான பக்கம் ஒன்றும் இல்லையா? (புதுச்சேரி வாசகி)

நிறையவே இருந்தது, அதைப் பார்க்கும் பொறுமைதான் பலருக்கு இருக்கவில்லை. மனைவி ஜெரால்டினிடம் அவர் கொண்டிருந்த பற்றையும், குழந்தைகளிடம் அவர் கூச்சமின்றிப் பழகியதையும் அருகில் இருந்தவர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஸ்வீடனில் சண்டையிடப் போனபோது டேனியல் என்ற சிறுவனைத் தத்தெடுத்து வந்தார்கள். டென்வரில் எட்வர்ட் மர்ஃபி என்ற ஏசு சபைப் பாதிரியார் அவருக்கு எழுத்துக் கற்பிக்க முயன்றார்.

1963 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். லிஸ்டன் அப்போது பிரிட்டனில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அங்கே மக்கள் அவரை அன்போடு சூழ்ந்துகொண்டார்கள். ஸ்காட்லாந்தின் பைக்குழலை வாசித்தபடி அவர் நிற்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. நாடு திரும்பிய அவர், அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது என்றார். உரிமைப் போராட்டத் தலைவர்கள் கைவிட்ட மனிதரின் வாயிலிருந்து வந்த சொல் இது.

மயாமியில் அவருக்குத் தோளில் காயம் என்றது உண்மையா? லூயிஸ்டனில் அலி அடித்த அடி பட்டதா, படவில்லையா? (திருச்சி வாசகர்)

இரண்டும் வெவ்வேறு கதைகள், தனித்தனியாகப் பார்ப்போம்.

மயாமி பீச், 1964 பிப்ரவரி 25. அப்போது அலிக்குப் பெயர் கேசியஸ் கிளே, வயது 22. பந்தயக்காரர்கள் லிஸ்டனுக்கு ஏழுக்கு ஒன்று என்று சாதகமாக வைத்திருந்தார்கள். கிளே பல மாதங்களாக லிஸ்டனைச் சீண்டிக்கொண்டே இருந்தார். நள்ளிரவுக்குப் பின் டென்வர் வீட்டு வாசலில் பேருந்தோடு போய் நின்று கத்தினார். எடை பார்க்கும் இடத்தில் வெறிபிடித்தவர் போலக் கூச்சலிட்டார். அடியாட்களைக் கண்டு அஞ்சாத லிஸ்டன், கிளேயை ஒரு பித்தர் என்றே நம்பத் தொடங்கினார். பித்தர் அடுத்து என்ன செய்வார் என்று கணிக்க முடியாது. அச்சமூட்டும் பார்வையும் அவரிடம் பலிக்காது.

சண்டையில் கிளே சுற்றிச்சுற்றி நகர்ந்துகொண்டே இருந்ததால் அந்தப் புகழ்பெற்ற ஜாப் காற்றைக் குத்தியது. இலக்குத் தவறி வீணாகும் குத்து, இலக்கில் படும் குத்தைவிடத் தோளுக்குக் கேடு செய்யும். மூன்றாம் சுற்றில் இடக் கண்ணுக்குக் கீழே லிஸ்டனுக்குத் தோல் கிழிந்தது. நான்காம் சுற்றின் முடிவில் கிளேயின் கண்களில் ஏதோ பட்டு எரிந்தது. ஐந்தாம் சுற்றில் கண் தெரியாமல் தடுமாறியவரைக்கூட லிஸ்டனால் முடிக்க இயலவில்லை. ஆறாம் சுற்றுக்குப் பின் முக்காலியிலிருந்து எழவில்லை. அப்போது புள்ளிக் கணக்கில் இருவரும் சமமாகவே இருந்தார்கள். இடத்தோள் காயத்தை மருத்துவர்கள் சோதித்து உறுதிசெய்தார்கள். ஆகவே காயம் பொய்யன்று. அதே வேளையில், தாடை உடைந்தும் எட்டுச் சுற்று நின்றவர் தோள் வலிக்காக உட்கார்ந்துவிட்டார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அஞ்சாத ஓர் எதிராளியை அவர் அன்றுதான் முதலில் சந்தித்தார். எழுந்திருக்கும் விருப்பம் அவரிடம் மிச்சமிருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

மறு சண்டை 1964 நவம்பரில் பாஸ்டனில் நடக்க வேண்டியது. மூன்று நாள் முன்னதாக அலிக்குக் குடலிறக்கத்துக்காக அவசர அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்ததால் தள்ளிப்போயிற்று. பின்னர் பாஸ்டனும் கைவிரிக்கவே, 1965 மே 25 அன்று மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிற்றூரில், பனித்தரை ஹாக்கி ஆடும் அரங்கில் அதை நடத்தினார்கள். உலகப் பட்டத்துக்கான அந்தச் சண்டையைப் பார்க்க வந்தவர்கள் 2,434 பேர் மட்டுமே. அலி சேர்ந்திருந்த 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' அமைப்பிலிருந்து பிரிந்த கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்டு மூன்று மாதமே ஆகியிருந்தது. அரங்கிலேயே பழிவாங்கும் துப்பாக்கிச்சூடு நடக்கும் என்ற வதந்தியால் உள்ளே வந்தவர்களைச் சோதனை செய்து அனுப்பினார்கள்.

முதல் சுற்றிலேயே அலியின் வலக்கை ஒரு சிறு வெட்டுக்குத்தாக லிஸ்டனின் தலைப்பக்கத்தில் விழுந்தது. அது பட்டது என்பதைப் படச்சுருளை மெதுவாக ஓட்டிப் பார்க்கும் எவரும் காணலாம். அலி ஒதுங்கிப் போகாமல், விழுந்தவர் மேல் நின்றுகொண்டு எழுந்திரு என்று கத்தினார். நீல் லைஃபர் எடுத்த உலகப் புகழ்பெற்ற படம் அந்த நொடிக்குரியது. நடுவராக இருந்தவர் முன்னாள் சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட். அலியை மூலைக்கு அனுப்பிய பிறகே எண்ணத் தொடங்க வேண்டும் என்பது விதி. வால்காட் அலியின் பின்னால் ஓடியதில் எண்ணிக்கையையே தவறவிட்டார். லிஸ்டன் எழுந்து, இருவரும் மறுபடி மோதத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் மேடையோரம் உட்கார்ந்திருந்த பத்திரிகையாசிரியர் நாட் ஃப்ளைஷர், பத்து எண்ணி முடிந்துவிட்டது என்று கத்தவே, வால்காட் சண்டையை நிறுத்தினார்.

தலைக்குமேல் நிற்கும் பித்தன் எழும்போது அடிப்பான் என்பதால் உடனே எழவில்லை என்று லிஸ்டன் பிறகு காரணம் சொன்னார். அவர் வேண்டுமென்றே விழுந்தார் என்று அன்றிலிருந்து சொல்லிவருபவர்கள் எவரும் அதற்குச் சான்று காட்டவில்லை. ஆனால் மக்கள் நம்ப விரும்பியது அதைத்தான். நல்லது செய்தபோது நம்பாதவர்கள் கெட்டதை மட்டும் உடனே நம்பினார்கள்.

பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டு அட்டையில் அவர் இருப்பது ஏன்? (நாகர்கோவில் வாசகர்)

1967இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டின் அட்டையில், புகழ்பெற்றோர் கூட்டத்துக்கு நடுவே லிஸ்டனின் மெழுகுச்சிலை நிற்கிறது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1963 டிசம்பரில், 'எஸ்குவயர்' இதழ் அவருக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் தொப்பியை அணிவித்து அட்டைப்படம் வெளியிட்டது. சிரிக்காத அந்தக் கறுப்பு முகத்தைப் பார்த்து விளம்பரதாரர்கள் பலர் விலகிக்கொண்டார்கள். அந்த ஒரு படத்திலிருந்தே அன்றைய அமெரிக்கா அவரை எப்படிப் பார்த்தது என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அவருடைய கடைசிக் காலம் எப்படி இருந்தது? கொலை என்கிறார்களே? (மதுரை வாசகர்)

லூயிஸ்டனுக்குப் பிறகு ஓராண்டு மேடையில்லை. 1966இல் ஸ்வீடனில் மறுபடி தொடங்கி, 1969 வரை தொடர்ச்சியாகப் பதினான்கு சண்டைகளை வென்றார். 1969 டிசம்பரில் லாஸ் வேகாசில் லியோடிஸ் மார்ட்டின் என்பவரோடு மோதி, முன்னணியில் இருந்தும், ஒன்பதாம் சுற்றில் நாக் அவுட் ஆனார். வென்ற மார்ட்டினுக்கும் அதுவே கடைசிச் சண்டை. அவருடைய கண்ணின் விழித்திரை பெயர்ந்துவிட்டது. 1970 ஜூன் மாதம் ஜெர்சி சிட்டியில் சக் வெப்னரை லிஸ்டன் வென்றார். வெப்னரின் முகத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட தையல்கள் போட வேண்டியிருந்தது. லிஸ்டன் மேடை ஏறியது அதன் பிறகு இல்லை. மொத்தம் 54 சண்டைகளில் 50 வெற்றி, அவற்றில் 39 நாக் அவுட்.

1971 ஜனவரி 5 இரவு, விடுமுறைக்குச் சென்றிருந்த ஜெரால்டின் லாஸ் வேகாஸ் வீட்டுக்குத் திரும்பியபோது கணவர் இறந்து கிடந்தார். வாசலில் சேர்ந்து கிடந்த செய்தித்தாள்களைக் கொண்டே இறந்த நாளை டிசம்பர் 30 என்று போலீசார் கணித்துப் பதிந்தார்கள். பிறந்த நாளைப் போலவே இறந்த நாளும் ஊகமாகிப் போன மனிதர் அவர். வீட்டில் ஹெராயின் இருந்தது, கையில் ஊசி ஏறிய தடம் இருந்தது. ஆயினும் நுரையீரல் நெரிசலும் இதயச் செயலிழப்புமே காரணம் என்று அதிகாரிகள் முடிவுசெய்தார்கள். கொலை என்று பேசுவோர் காட்டும் ஒரே வலுவான காரணம், லிஸ்டன் ஊசிக்கு மிகவும் பயந்தவர் என்று நண்பர்கள் சொல்வது. அத்தனை பேரை நடுங்கவைத்தவர் மருத்துவரின் ஊசியைக் கண்டு நடுங்குவார் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கொலை என்று எழுதமாட்டேன்.

அவருடைய சவப்பெட்டியைத் தாங்கியவர்களில் ஜோ லூயிசும் ஒருவர். கல்லறையில் பெயரும் ஆண்டுகளும் தவிர ஒரே ஒரு சொல்தான் பொறித்திருக்கிறார்கள்: மனிதன்.

லிஸ்டனின் ஒரே ஒரு சண்டையைப் பார்ப்பதானால் எதைப் பார்க்கலாம்? (ஈரோடு வாசகர், வயது 17)

1959 ஏப்ரலில் மயாமி பீச்சில் கிளீவ்லண்ட் வில்லியம்சோடு நடந்த முதல் சண்டையைப் பாருங்கள். பேட்டர்சனை வீழ்த்திய இரண்டு சண்டைகளும் தொடங்கியவுடனே முடிந்துவிடுவதால் அவற்றில் கற்க அதிகமில்லை. வில்லியம்ஸ் அந்நாளில் மிகப் பலமாகக் குத்தக்கூடியவர்களில் ஒருவர்; லிஸ்டனின் மூக்கிலிருந்து இரத்தம் வரவைத்தார். லிஸ்டன் ஓர் அடி பின்வாங்கினாரா என்று பாருங்கள். மூன்றாம் சுற்றில் வில்லியம்ஸ் விழும்போது எல்லோரும் விழுபவரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் படத்தைச் சற்றுப் பின்னால் ஓட்டி, லிஸ்டனின் இடக்கை எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது, குத்திய பிறகு எவ்வளவு விரைவாகத் தாடையருகே திரும்பி வந்து நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பள்ளிக்கூடம் அறியாத ஒருவர், சிறைக்கூடத்தில் தொடங்கி, ஆயிரக்கணக்கான மணிநேரம் செய்து செய்து படித்த பாடம் அந்தக் கையில் இருக்கிறது.